பசி விளையாட்டும் பார்ப்பவர் பங்கும்



2012ஆம் ஆண்டில் ஒரு திரையரங்கில் என் கைகள் என்னைக் கேளாமலே ஒரு செயலைச் செய்துவிட்டன. அதை முதலில் உங்களிடம் ஒப்புக்கொண்ட பிறகே இன்றைய பொருளுக்குள் நுழைய விரும்புகிறேன்.

திரையில் ஓர் இளம்பெண். அவளுக்கு வயது பதினெட்டுக்கு மேல் இராது. கத்தி எறிவதிலே கைதேர்ந்தவள். கதாநாயகியைக் கீழே வீழ்த்தி, அவள்மேல் ஏறி அமர்ந்து, சற்று முன்பு மாண்டுபோன ஒரு சிறுமியின் பெயரைச் சொல்லி ஏளனம் செய்கிறாள். அந்தச் சிறுமியின் ஊரைச் சேர்ந்த வலிய இளைஞன் ஒருவன் அதைக் கேட்டுவிடுகிறான். ஓடிவந்து அவளைப் பற்றித் தூக்கி, உலோகச் சுவரிலே மோதிக் கொன்றுவிடுகிறான். அரங்கம் முழுவதும் கைதட்டல் எழுந்தது. சீழ்க்கை ஒலி பறந்தது. அக்கூட்டத்தோடு கூட்டமாக நானும் கைதட்டினேன்.

வீடு திரும்பும் வழியிலேதான் அது உறைத்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்று மடிவதைக் கண்டு களிக்கும் ஒரு நகரத்தைப் பற்றியது அந்தக் கதை. அந்த நகரத்தாரை வெறுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படம் எடுக்கப்பட்டிருக்கிறது. நானும் இரண்டு மணி நேரம் அவர்களை மனமார வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே, ஒரு பிள்ளையின் சாவுக்குக் கைதட்டினேன். அப்படியானால் நான் எந்த நகரத்துக் குடிமகன்? இந்தக் கேள்வி எழாதிருந்தால், இளைஞர்க்கென எழுதப்பட்ட கதைகளின் படங்களைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்க மாட்டேன்.

நான் குறிப்பிடும் படம் 'தி ஹங்கர் கேம்ஸ்'. தமிழில் 'பசி விளையாட்டு' என்று சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008, 2009, 2010ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து மூன்று நாவல்களாக இக்கதையை எழுதினார். அவை 2012 முதல் 2015 வரை நான்கு படங்களாக வெளிவந்தன. முதற்படத்தை இயக்கியவர் கேரி ராஸ். பின்வந்த மூன்றையும் இயக்கியவர் பிரான்சிஸ் லாரன்ஸ். நான்கும் சேர்ந்து உலகெங்கும் 290 கோடி டாலருக்கு மேல் ஈட்டின. கதைக்கு முற்பட்ட காலத்தைக் கூறும் நாவல் ஒன்று 2020இல் வெளிவந்து, 2023இல் அதுவும் படமாயிற்று.

இத்தகைய கதைகளைக் 'கொடுநாட்டுக் கதைகள்' என்று கூறலாம். குறையே இல்லாத நாட்டைக் கற்பனை செய்து தாமஸ் மோர் 1516இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு நேர்மாறாக, இன்றைய தீமைகள் தடையின்றி வளர்ந்தால் நாளை நாடு என்னவாகும் என்று காட்டுபவை கொடுநாட்டுக் கதைகள். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இலும், ஜார்ஜ் ஆர்வெல் 1949இலும் எழுதிய நாவல்கள் இவ்வகையில் பெயர்பெற்றவை. அவை முதியோர்க்காக எழுதப்பட்டவை. அதே கசப்பு மருந்தை உங்கள் வயதினர்க்குக் கொடுக்க முன்வந்தவர் காலின்ஸ்.

அவருக்கு இக்கதை தோன்றிய வகையை அவரே கூறியிருக்கிறார். ஓரிரவு தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றிலே இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சி. மற்றொன்றிலே ஈராக் நாட்டில் நடந்த போர்க் காட்சி. களைத்த கண்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தனவாம். அவருடைய தந்தையார் வியட்நாம் போரில் பணியாற்றிய விமானப்படை அதிகாரி. ஆகவே, போர் என்பது அவருக்குத் தொலைவிலுள்ள செய்தியாக இருந்ததில்லை. அதனோடு இளமையில் படித்த ஒரு பழைய கிரேக்கக் கதையும் சேர்ந்துகொண்டது. ஏதென்ஸ் நகரத்தார் கிரீட் தீவின் மன்னனுக்கு 7 இளைஞரையும் 7 கன்னியரையும் திறையாக அனுப்ப வேண்டும். அங்கே சுழல்வழிக் கோட்டத்தில் வாழும் விலங்குக்கு அவர்கள் இரையாவார்கள். தோற்றவன் பிள்ளையைத் திறையாகக் கேட்கும் அந்தக் கொடுமையே காலின்ஸின் கதைக்கு வித்தாயிற்று.

கதை நடக்கும் நாட்டின் பெயர் பானெம். வட அமெரிக்கா அழிந்துபட்ட பின் அதன் இடிபாடுகளிலிருந்து எழுந்த நாடு அது. பானெம் என்பது ரொட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல். உரோமானிய மக்களுக்கு ரொட்டியும் கேளிக்கையும் கிடைத்தால் போதும், அரசியலை மறந்துவிடுவார்கள் என்று ஜுவெனல் என்ற உரோமப் புலவர் இடித்துரைத்தார். அந்த இடித்துரையிலிருந்தே நாட்டின் பெயர் பிறந்தது. தலைநகரத்தாரின் பெயர்களும் சீசர், செனிக்கா, கோரியோலேனஸ் என உரோமப் பெயர்களாகவே அமைந்துள்ளன.

ஒரு தலைநகரம், அதற்கு உழைத்துப் போட 12 மாவட்டங்கள். ஒன்று மீன் பிடிக்கும். ஒன்று மரம் வெட்டும். ஒன்று நெசவு நெய்யும். பதினோராவது பயிர் விளைக்கும். பன்னிரண்டாவது நிலக்கரி தோண்டும். முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றன. பதின்மூன்றாம் மாவட்டம் அடியோடு அழிக்கப்பட்டதாக எல்லோரும் நம்புகிறார்கள். தோல்வியை மறவாதிருக்கும்பொருட்டு, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் சீட்டுக் குலுக்கி அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஓர் அரங்கிலே விடப்படுவார்கள். கடைசியாக உயிரோடு நிற்பவர் வெற்றியாளர். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இதை ஏன் 'பசி' விளையாட்டு என்றார்? நாவலில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 12 வயதில் ஒருவர் பெயருக்கு ஒரு சீட்டு, 13 வயதில் இரண்டு, இப்படியே 18 வயதில் 7 சீட்டுகள். ஏழை வீட்டுப் பிள்ளை விரும்பினால், ஓராள் ஓராண்டு உண்பதற்குத் தேவையான சிறிதளவு தானியமும் எண்ணெயும் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக ஒரு சீட்டைக் கூடுதலாகப் போடலாம். கதாநாயகியின் தோழன் கேல், வீட்டிலுள்ள ஐவர்க்காக ஏழாண்டுகள் இவ்வாறு தானியம் வாங்கியவன். 35 சீட்டுகளும் வயதுக்குரிய 7 சீட்டுகளும் சேர்ந்து 42. செல்வன் வீட்டுப் பையனுக்கு 7, பசித்தவனுக்கு 42. குலுக்கும் கை யாருக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை. குடத்தை நிரப்பும்போதே வஞ்சனை முடிந்துவிடுகிறது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொண்டே சமமின்மையை வளர்க்கும் வழியை இதைவிடத் தெளிவாக ஓர் இளைஞனுக்கு விளக்க முடியுமா?

திரைப்படத்திலோ இந்த 42 ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து மறைந்துவிடுகிறது. படித்தவர்க்கு நெஞ்சில் தைக்கும். படியாதவர் அதைக் கவனிக்கவும் மாட்டார். பசியே இப்படங்களில் மெலிந்து காணப்படுகிறது. பீட்டா என்ற ரொட்டிக்கடைப் பையன், பட்டினியால் சோர்ந்து கிடந்த கதாநாயகிக்குக் கருகிய ரொட்டியை எறிந்து உயிர்காத்த செய்தி நாவலின் உயிர்நாடி. படத்தில் அது நினைவின் ஒரு துணுக்காக மின்னிச் செல்கிறது. வட கரோலினாவில் மக்கள் குடிபெயர்ந்து சென்ற பழைய ஆலைக் குடியிருப்பொன்றில் படம் பிடித்ததனால் பன்னிரண்டாம் மாவட்டத்தின் வறுமை வீடுகளிலே தெரிகிறது. முகங்களிலே அவ்வளவாகத் தெரியவில்லை. இது முதற்குறை.

ஆயினும், நாவலால் செய்ய இயலாத ஒன்றைப் படம் செய்தது. நாவல் முழுவதும் கதாநாயகி காட்னிஸ் எவர்டீன் தன் வாயால் சொல்வது. அவள் காணாததை நாமும் காண இயலாது. படம் அந்தச் சுவரை இடித்துவிட்டது. அரங்கத்தை இயக்கும் அறைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. தூய வெண்ணிற ஆடையணிந்த அலுவலர்கள் வரிசையாக அமர்ந்து, மேசைமேல் விரலை அசைக்கிறார்கள். காட்டில் ஒரு மரம் தீப்பற்றி ஒரு பெண்மேல் விழுகிறது. அவர்கள் முகத்தில் வெறுப்பும் இல்லை, வெறியும் இல்லை. அலுவல் நன்றாக நடக்கிறது என்ற நிறைவு மட்டுமே இருக்கிறது. கொடுங்கோன்மைக்கு வாளேந்திய அரக்கர்கள் வேண்டியதில்லை. நேரத்துக்கு வேலைக்கு வரும் நல்ல பணியாளர்களே போதும் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அக்காட்சி உணர்த்துகிறது.

மற்றொன்று ரோஜாத் தோட்டக் காட்சி. நாட்டின் அதிபர் ஸ்னோவாக நடித்தவர் 2024இல் மறைந்த டொனால்டு சதர்லந்து. கதையைப் படித்ததும் அவர் அதிகாரத்தின் இயல்பைப் பற்றி இயக்குநருக்கு நீண்டதொரு மடல் எழுதினார்; அதன் பயனாகவே அவருக்குப் புதிய காட்சிகள் எழுதப்பட்டன. செடிகளை நறுக்கிக்கொண்டே அவர் கேட்கிறார்: 24 பேரையும் ஒரே நாளில் சுட்டுவிட்டால் வேலை எளிதாக முடியுமே, பிறகு ஏன் ஒருவனை மட்டும் வெற்றியாளனாக வைக்கிறோம்? அவரே விடையும் சொல்கிறார். அச்சத்தைவிட வலிமையுள்ளது நம்பிக்கை. அதைச் சிறிதளவு கொடுத்தால் மக்கள் அடங்கியிருப்பார்கள். அளவு மிஞ்சினால் ஆபத்து என்பது அவர் கருத்து. வள்ளுவர் கொடுங்கோன்மைக்கு ஒரு தனி அதிகாரம் வகுத்து, துன்புற்றார் கண்ணீரே அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்றார். ஸ்னோவும் அதை அறிந்தவரே. அதனால்தான் அழுகிறவர்களுக்கு ஒரு துளி நம்பிக்கையை அளந்து ஊற்றுகிறார்.

கதையின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். குலுக்கலில் வருவது காட்னிஸின் பெயரன்று. அவள் தங்கை பிரிம்மின் பெயர். 12 வயதுச் சிறுமி, முதல் ஆண்டு, ஒரே சீட்டு. காட்னிஸ் முன்னே பாய்ந்து, தங்கைக்குப் பதிலாகத் தானே போவதாகக் கூவுகிறாள். கைதட்டச் சொல்லிக் கேட்கிறார்கள் மேடையிலிருந்து. பன்னிரண்டாம் மாவட்டத்து மக்களில் ஒருவரும் கைதட்டவில்லை. மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயரத் தூக்கி நிற்கிறார்கள். நன்றிக்கும் மதிப்புக்கும் அன்புள்ளவர்க்கு விடை கொடுப்பதற்கும் உரிய பழைய வழக்கம் அது. கைதட்ட மறுப்பதே அவர்களிடம் எஞ்சியிருந்த ஒரே உரிமை. அவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். நான் அன்று பயன்படுத்தவில்லை.

கொலைக் காட்சிகளைக் காட்டும் முறையில் கேரி ராஸுக்கு ஓர் இக்கட்டு இருந்தது. குருதியை விரிவாகக் காட்டினால் நாமும் தலைநகரத்தாரைப் போல அதைச் சுவைக்கத் தொடங்குவோம். காட்டாமல் விட்டால் கொடுமையே கண்ணுக்குத் தெரியாமற்போகும். அவர் படப்பெட்டியை நடுங்கவிட்டார், ஒலியை அடக்கினார், காட்சிகளைத் துணுக்குகளாக நறுக்கினார். பிரிட்டனில் சிறுவர்க்கான சான்றிதழ் பெறும்பொருட்டு மேலும் 7 வினாடிகள் நீக்கப்பட்டன. அந்த நடுக்கம் கண்ணை வருத்துகிறது என்று பலர் குறைகூறினர். எனக்கு அது குறையாகப் படவில்லை. அரங்கில் தள்ளப்பட்ட பெண்ணின் கண்கள் வேறு எவ்வாறு காணும்?

முதற்படத்தில் என் உள்ளத்தைத் தொட்ட மற்றோர் இடம் முடிவுக்குச் சற்று முன் வருகிறது. கேட்டோ என்பவன் செல்வ மாவட்டத்திலே சிறு வயது முதல் இப்போட்டிக்காகவே பயிற்றுவிக்கப்பட்டவன். படம் முழுவதும் நாம் அஞ்சி வெறுத்தவன் அவனே. உடலெங்கும் காயத்தோடு நிற்கும்போது, தான் எப்போதோ செத்துவிட்டவன் என்பது இப்போதுதான் புரிகிறது என்ற கருத்தில் அவன் பேசுகிறான். நாவலில் இல்லாத பேச்சு இது, படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. எதிரியாக நின்றவனும் யாரோ ஒருவர் அனுப்பிய திறைதான் என்று அப்போது தெரிகிறது.

நான்கு படங்களில் சிறந்தது இரண்டாவது என்பது என் கருத்து. 2013இல் வெளிவந்த 'கேட்சிங் ஃபயர்' அது. வெற்றி பெற்ற காட்னிஸும் பீட்டாவும் மாவட்டந்தோறும் ஊர்வலம் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். பதினோராம் மாவட்டத்தில், இறந்துபோன சிறுமி ரூவை நினைத்து அவள் எழுதிக் கொடுத்ததை விட்டுத் தன் சொற்களில் பேசுகிறாள். கூட்டத்தில் ஒரு முதியவர் மூன்று விரல்களைத் தூக்குகிறார். காவலர்கள் அவரை மேடைமேல் இழுத்து வந்து சுட்டுவிடுகிறார்கள். அன்பின் செய்கை அங்கே அரசியலாகிவிடுகிறது. அவள் கேட்டுக்கொள்ளவில்லை, மக்களே அவளைத் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். காட்னிஸாக நடித்த ஜெனிபர் லாரன்ஸின் முகத்தில் அந்தப் பாரத்தைப் பார்க்கலாம். வீரம் பேசும் நடிப்பு அவரிடம் இல்லை. அஞ்சிக்கொண்டே நிற்கும் ஒரு பெண்ணின் நடிப்பே இருக்கிறது.

மூன்றாம் நாவலை இரண்டாகப் பிளந்து 2014, 2015ஆம் ஆண்டுகளில் இரண்டு படங்களாக்கினார்கள். ஒரு நூலுக்கு இரண்டு கட்டணம் வாங்கலாம் என்ற வணிகக் கணக்கே இதற்குக் காரணம் என்று நான் ஐயுறுகிறேன். கதை நடுவழியில் தளர்ந்து நடக்கிறது. அவ்வாறு பிரித்ததற்கு வருந்துவதாக இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸே 2023இல் கூறினார். இதே வழியில் சென்ற மற்றொரு படவரிசையின் கதி இன்னும் பரிதாபமானது. வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' நாவல்களின் மூன்றாம் பகுதியையும் இரண்டாக்க முனைந்தனர். 2016இல் வந்த முற்பாதி போதிய வரவேற்பைப் பெறவில்லை. பிற்பாதி எடுக்கப்படவே இல்லை. படத்தை மட்டும் நம்பியவர்க்குக் கதையின் முடிவு கிடைக்காமலே போயிற்று. நூல் வாங்கியவருக்கு அந்த இழப்பு இல்லை.

எனினும், அந்தத் தளர்ந்த மூன்றாம் படத்திலும் சிந்திக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. அழிந்ததாகக் கருதப்பட்ட பதின்மூன்றாம் மாவட்டம் மண்ணுக்கடியில் வாழ்கிறது. அதன் தலைவி காயின் என்பவள் கிளர்ச்சியை நடத்துகிறாள். மக்களைத் தூண்டும் குறும்படங்களில் நடிக்கக் காட்னிஸை அழைக்கிறார்கள். முகத்துக்குச் சாயம், போர் உடை, பின்னணியில் புகை, மனப்பாடம் செய்த வீரவுரை எல்லாம் ஆயத்தம். அவளுக்கு அது வரவே இல்லை. பிறகு எட்டாம் மாவட்டத்து மருத்துவமனையைப் பார்க்கப் போகிறாள். அவள் கண்ணெதிரே அது குண்டுவீச்சில் எரிகிறது. அப்போது அவள் வாயிலிருந்து வருவது உண்மைச் சினம். படக்குழுவினர் உடனே அதைப் பிடித்து, எழுத்தும் இசையும் சேர்த்து நாடெங்கும் பரப்புகிறார்கள். பொய்யை விளம்பரமாக்குவது தலைநகரத்தின் தொழில்; மெய்யை விளம்பரமாக்குவது கிளர்ச்சியாளர் தொழில். மெய்யே ஆனாலும், அது கருவியாகிவிட்டால் அதன் உடைமையாளர் யார்? உங்களுக்குப் பிடித்த அணியின் சுவரொட்டியைப் பார்க்கும்போதும் கேட்டுப் பாருங்கள்.

இனிக் கதையின் முடிவுக்கு வருகிறேன். போட்டி அரங்கில் பிள்ளைகளுக்கு மருந்தும் உணவும் வெள்ளிநிறச் சிறு குடைகளில் மிதந்து வருவது வழக்கம். இறுதிப் போரில், அதிபர் மாளிகையின் முன் திரண்டிருந்த தலைநகரத்துப் பிள்ளைகளின்மேல் அதே குடைகள் இறங்குகின்றன. பரிசு வருகிறதென்று பிள்ளைகள் கைகளை நீட்டுகிறார்கள். அவை வெடிக்கின்றன. காயமுற்றோரைக் காக்க மருத்துவப் பணியாளர்கள் ஓடுகிறார்கள். மீண்டும் வெடிக்கிறது. அவ்வாறு ஓடியவர்களில் ஒருத்தி பிரிம். எந்தத் தங்கையைக் காக்க இக்கதை தொடங்கிற்றோ, அந்தத் தங்கை மாண்டுபோகிறாள். அக்குடைகளை அனுப்பியவள் காயின் என்பதைக் காட்னிஸ் பிறகு உணர்கிறாள்.

வென்ற காயின் ஒரு யோசனை சொல்கிறாள். கடைசியாக ஒருமுறை பசி விளையாட்டை நடத்துவோம். இம்முறை தலைநகரத்தாரின் பிள்ளைகளைக் கொண்டு. கேட்பவர்க்கு இது நீதி போலவே தோன்றும். எழுபத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒருமுறை பழி தீர்க்கக்கூடாதா? ஸ்னோவைத் தூணில் கட்டி, காட்னிஸ் கையில் வில்லைக் கொடுக்கிறார்கள். கூட்டம் முழுவதும் காத்திருக்கிறது. அவள் அம்பை உயர்த்தி, மாடத்தில் நிற்கும் காயின்மேல் எய்கிறாள். பிள்ளைகளை அரங்கில் விடுபவர் யாராயினும் அவர் ஸ்னோவே. பெயர் மட்டும் மாறுகிறது என்பதே அந்த அம்பின் பொருள். கொடுங்கோலனை வெறுக்கக் கற்பிக்கும் கதைகள் பல. தன் அணியின் தலைவரிடமே கொடுமையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கதை, அதுவும் இளைஞர்க்குச் சொல்லும் கதை, அரிது.

2023இல் வந்த முற்காலக் கதையில் இளைஞன் ஸ்னோவைக் காண்கிறோம். பத்தாம் ஆண்டுப் போட்டி; தலைநகரத்தாரே அதைப் பார்க்க விருப்பமின்றி இருக்கிறார்கள். பார்ப்பவர்கள் பிள்ளைகளுக்கு உணவு அனுப்பவும், யார் வெல்வார் என்று பந்தயம் கட்டவும் வழி செய்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று யோசனை கூறுகிறான் அவன். ஒரு கொடுமையைப் பார்க்க மறுக்கும் மக்களை எவ்வாறு பார்க்க வைப்பது? அதில் அவர்களுக்கு ஒரு சிறு பங்கு கொடுத்துவிட வேண்டும். ஒரு பிள்ளை 'நம் பிள்ளை' ஆகிவிட்டால், மற்ற 23 பிள்ளைகளின் சாவு நமக்கு வெற்றிப்படிகளாகிவிடும். 2012இல் என் கைகள் தட்டியதற்குக் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. நானும் என் பங்கைக் காட்னிஸ்மேல் கட்டியிருந்தேன்.

இப்படங்களைச் செய்தவர்களும் இந்த வலையிலிருந்து தப்பவில்லை. இரண்டாம் படம் வெளிவந்த வேளையில் ஓர் அழகுப்பொருள் நிறுவனம் தலைநகரத்தின் பெயராலே முகச் சாயங்களை விற்றது. மாவட்டங்களின் பசியில் மினுக்கிக்கொள்ளும் ஊரென்று எந்த ஊரைக் கதை இகழ்ந்ததோ, அந்த ஊரின் ஒப்பனையே கடைச்சரக்காயிற்று. காலின்ஸ் கற்பனை செய்ததைவிடக் கூர்மையான அங்கதம் இது.

ஆனால் இதே படங்கள் வேறொரு வழியிலும் உலகத்துக்குள் இறங்கி நடந்தன. தாய்லாந்தில் 2014 மே 22ஆம் நாள் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். எதிர்த்தவர்கள் தெருவில் மூன்று விரல்களைத் தூக்கினர். அவ்வாண்டு நவம்பரில் கோன் கேன் நகரில் பேச வந்த பிரதமர் பிரயுத் சான் ஓச்சாவின் முன் 5 மாணவர்கள் அந்த வணக்கத்தைச் செய்து பிடிக்கப்பட்டனர். அதே நாட்களில் வெளிவந்த மூன்றாம் படத்தின் காட்சிகளைப் பாங்காக்கில் சில அரங்குகள் நிறுத்திவிட்டன. மியன்மாரில் 2021 பிப்ரவரி 1ஆம் நாள் படையாட்சி வந்தபோது அங்கும் அதே விரல்கள் உயர்ந்தன. பிப்ரவரி 26ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அந்நாட்டுத் தூதர் கியாவ் மோ துன் தம் பேச்சின் முடிவில் மூன்று விரல்களைத் தூக்கி நின்றார். கதையில் அந்த முதியவரைச் சுட்டது நடிப்பு. இங்கே விரலைத் தூக்கியவர்களுக்கு நேர்ந்ததும் நேரக்கூடியதும் நடிப்பல்ல. அதே கதையை ஒருவர் சாயமாக வாங்கிப் பூசிக்கொண்டார். மற்றொருவர் உயிரைப் பணயம் வைத்துக் கையிலே ஏந்தினார். கதை எல்லோர்க்கும் ஒன்றுதான். அதை என்ன செய்வது என்பது பார்ப்பவர் பொறுப்பு.

மாணவ நண்பர்களே, இப்படங்களைப் பாருங்கள் என்றே சொல்வேன். ஆனால், முதலில் நாவல்களைப் படியுங்கள். 42 சீட்டுகளின் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படத்துக்குப் போங்கள். யார் நல்லவர், யார் தீயவர் என்பதோடு நின்றுவிடாமல், இந்தக் காட்சியில் என்னை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு முதற்படத்தை நான் மீண்டும் பார்த்தேன். அந்தக் கத்திப் பெண்ணின் காட்சி வந்தது. அந்த இளைஞன் அவளைப் பற்றித் தூக்கியதும், அவள் தன் தோழனின் பெயரைச் சொல்லி உரக்கக் கூவுகிறாள். கேட்டோ, கேட்டோ என்று உதவிக்கு அழைக்கிறாள். முதல்முறை பார்த்தபோது அந்தக் குரல் என் செவியில் விழவே இல்லை. எப்படி விழும்? நாங்கள் எல்லோரும் அப்போது கைதட்டிக்கொண்டிருந்தோம்.